ஒளிவாள் ஊமையானது ஏன்?

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்த ஒரு தெரு. அங்கே ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை அவளுடைய பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அதில் வைப்பதற்காக ஒரு மாதமாக அவள் ஓர் ஒளிவாள் செய்து வருகிறாள். சேர்த்து வைத்த பணத்தை எடுத்துக்கொண்டு, அப்பாவுடன் பேருந்தில் அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பெங்களூர் சென்று, எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் பொருள்களை ஒவ்வொன்றாக வாங்கி வந்தாள். கைப்பிடிக்கு அலுமினியக் குழாய். வாளுக்குப் பால் நிறப் பிளாஸ்டிக் குழாய். குழாய்க்குள் வண்ண விளக்குப் பட்டை. கைப்பிடிக்குள் மின்கலம், ஒலிப் பலகை, ஒரு சிறு ஸ்பீக்கர்.

எல்லாவற்றையும் இணைத்துப் பொத்தானை அழுத்தினாள். "வ்வூ..." என்று ஒலி எழுந்தது. வாள் வெண்மையாகச் சுடர்விட்டது. அதே நொடியில் ஒலி நின்றது, விளக்கும் அணைந்தது. பிறகு தானாகவே மீண்டும் "வ்வூ..." என்று தொடங்கி, மீண்டும் நின்றது. விக்கல் எடுத்தவர் பேச முயல்வதுபோல் அது திரும்பத் திரும்ப நடந்தது.

"ஸ்பீக்கர் போயிருக்கும், வேறு வாங்கு" என்றான் அண்ணன். "போர்டு போயிருக்கும்" என்றாள் தோழி. வேறு வாங்கக் கையில் பணம் இல்லை. கடையோ 40 கிலோமீட்டருக்கு அப்பால். இந்த நிலையில் அவள் என்ன செய்ய வேண்டும்?

மாணவ நண்பர்களே! வானொலிப் பெட்டி, பொம்மைக் கார், மின்சார மணி என எதைச் செய்தாலும் ஒருநாள் இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். விடையை ஒளிவாளைக் கொண்டே ஆராய்வோம். அதற்கு முன், அந்த "வ்வூம்" ஒலி எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் வரலாற்றிலேயே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

பழுதிலிருந்து பிறந்த ஒலி

'ஸ்டார் வார்ஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்படம் 1977ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் வீரர்கள் ஏந்தும் ஒளிவாளுக்கு லைட்சேபர் என்று பெயர். உலகில் இல்லாத அந்த ஆயுதத்துக்கு ஒலி கொடுக்கும் பொறுப்பு பென் பர்ட் என்ற ஒலி வடிவமைப்பாளரிடம் வந்தது.

அவர் மாணவராக இருந்த காலத்தில் கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கருவியை இயக்கும் வேலை பார்த்தவர். அங்கிருந்த பழைய கருவியின் மோட்டார், படம் ஓடாத வேளையிலும் இனிமையாக முனகிக்கொண்டிருக்கும். அந்த முனகல்தான் அவருக்கு முதலில் நினைவுக்கு வந்தது. ஆனால் அது மட்டும் போதவில்லை. கொஞ்சம் முரட்டுத்தனமும் வேண்டியிருந்தது. ஒருநாள் அவர் ஒலிவாங்கி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சிப் பெட்டியைக் கடந்து நடந்தார். ஒலிவாங்கியின் கம்பி பழுதுபட்டிருந்தது. உடனே ஒலிப்பதிவில் "ஸ்ஸ்ர்ர்" என்று ஓர் இரைச்சல் ஏறியது.

ஏன்? ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்குறிகள் மிகவும் நுண்மையானவை. வெளியிலிருந்து வரும் மின்காந்தத் தொல்லைகள் அவற்றில் கலக்காதிருக்க, கம்பியைச் சுற்றி ஓர் உலோக வலையை உறையாகப் போடுவார்கள். அந்த உறை அறுந்துவிட்டால் கம்பி ஓர் ஏரியலைப்போல நடந்துகொள்ளும். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளின் படக்குழாயைச் சுற்றி மாறும் மின், காந்தப் புலங்கள் இருந்தன. மாறும் காந்தப் புலம் அருகிலுள்ள கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்பது 1831இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த உண்மை. பள்ளி ஆண்டு விழாவில் மைக் கம்பி விட்டுப்போகும்போது "ம்ம்ம்" என்ற இரைச்சல் கேட்கிறதே, அதுவும் இந்த வகைத் தொல்லைதான்.

வேறொருவராக இருந்தால் கம்பியை எறிந்திருப்பார். பர்ட் அந்த இரைச்சலை மோட்டார் முனகலோடு கலந்தார். ஒளிவாளின் குரல் பிறந்தது. வாள் வீசும்போது ஒலி மாற வேண்டுமே! அதற்கு, கலந்த ஒலியை ஓர் அறையில் ஸ்பீக்கர் மூலம் ஒலிக்கவிட்டு, அதன் முன்னால் இன்னொரு ஒலிவாங்கியை வாள் சுழற்றுவதுபோல் வீசிப் பதிவு செய்தார். நெடுஞ்சாலையில் நீங்கள் நிற்கும்போது, ஹாரன் அடித்துக்கொண்டே ஒரு லாரி கடந்து போனால் ஒலியின் சுருதி இறங்குவதைக் கேட்டிருப்பீர்கள். அதே டாப்ளர் விளைவுதான் இதுவும். ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. ஒலிவாங்கி வினாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் நகர்ந்தால், சுருதி நூற்றுக்கு 2 பங்கு மாறும். நம் காது அதை எளிதில் உணர்ந்துவிடும்.

ஆக, உலகப் புகழ்பெற்ற இந்த ஒலியில் ஒரு பங்கு, கம்பிப் பழுதில் பிறந்தது. பழுது நமக்கு ஒரு செய்தி சொல்கிறது. அதைக் கேட்கத் தெரிந்தவருக்கு அது பயன்படும்.

கைப்பிடிக்குள் என்ன இருக்கிறது?

இன்றைய ஒளிவாளில் முக்கியமாக நான்கு பகுதிகள் உண்டு.

முதலாவது மின்கலம். சுண்டுவிரலைவிடச் சற்றுப் பருத்த லித்தியம் அயனி மின்கலம் இது. அதன் அழுத்தம் சராசரியாக 3.7 வோல்ட், முழுதும் ஏறியிருக்கும்போது 4.2 வோல்ட்.

இரண்டாவது ஒலிப் பலகை. கடையில் சவுண்ட் போர்டு என்பார்கள். இதில் ஒரு சிறு கணிப்பொறி இருக்கிறது. அசைவை உணரும் ஒரு சில்லும், ஒலிகள் பதிந்த நினைவு அட்டையும் இருக்கின்றன. வாளை அசைத்தால் எந்த ஒலியை எவ்வளவு உரக்க எழுப்ப வேண்டும் என்று கணிப்பொறி முடிவு செய்கிறது. ஒரு பெருக்கி அந்த மின்குறியை வலுவாக்குகிறது.

மூன்றாவது ஸ்பீக்கர். பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் அகலம் உடையது.

நான்காவது விளக்குப் பட்டை. எல்.இ.டி. எனப்படும் ஒளி உமிழும் டையோடுகள் இதில் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு விளக்கிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று டையோடுகள் உண்டு. மூன்றும் சேர்ந்து எரிந்தால் வெண்மை.

இந்த நான்கில் ஒலிக்கு நேரடித் தொடர்புடையவை இரண்டே. ஆனால் மற்ற மூன்றும் ஒரே மின்கலத்திலிருந்து உணவு பெறுகின்றன. இதை மறந்துவிடாதீர்கள்.

"எப்போது?" என்று கேளுங்கள்

நம் மாணவியின் மாமா, சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். மாலை வேலை முடிந்து வந்தவரிடம் அவள் கண்கலங்கக் கூறினாள்.

"மாமா, ஸ்பீக்கர் போயிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க."

"போயிடுச்சுன்னு யாரும்மா பார்த்தது? முதல்ல எப்ப நிக்குதுன்னு சொல்லு."

இதுதான் சரியான தொடக்கம். 'எது கெட்டது?' என்ற கேள்விக்கு ஊகம்தான் விடையாக வரும். 'எப்போது நிகழ்கிறது?' என்ற கேள்விக்குக் கண்ணும் காதும் விடை சொல்லும். ஒலிக் குறைகளை இப்படி நான்காகப் பிரிக்கலாம்.

ஒன்று, ஒலி எப்போதுமே இல்லை. இரண்டு, விளக்கு எரியும்போது மட்டும் ஒலி நிற்கிறது. மூன்று, ஒலியோடு வேறு இரைச்சலும் வருகிறது. நான்கு, ஒலி மெலிந்தோ கரகரத்தோ கேட்கிறது.

நம் மாணவியின் வாள் இரண்டாம் வகை. ஆயினும் ஸ்பீக்கர் மீதுள்ள ஐயத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம்.

ஸ்பீக்கரை விசாரித்தல்

மின்கலத்தை வெளியே எடுத்துவிட்டு, ஸ்பீக்கரின் இரு கம்பிகளையும் பலகையிலிருந்து பிரித்துவிடுங்கள். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் மின்கலம் ஒன்றை எடுத்து, அந்தக் கம்பிகளால் ஒரு கணம் தொட்டு எடுங்கள். "டக்" என்று கேட்டால் ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் உயிரோடு இருக்கிறது. மல்டிமீட்டர் இருந்தால் மின்தடையையும் அளக்கலாம். 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் ஏறத்தாழ 7 ஓம் காட்டும். முள் அசையாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது. சுழி காட்டினால் எங்கோ கம்பிகள் ஒன்றையொன்று தொடுகின்றன.

இங்கே பலர் செய்யும் ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். பழைய டிரான்சிஸ்டர் வானொலிகள் பலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு கம்பி, மின்கலத்தின் ஒரு முனைக்குச் செல்லும் பொதுக் கம்பியோடு சேர்ந்திருக்கும். இன்றைய சிறு பெருக்கிகள் பலவற்றில் அப்படி இல்லை. இவை ஸ்பீக்கரின் இரு முனைகளையும் தாமே இயக்குகின்றன. ஒன்றை மேலே தள்ளும்போது மற்றொன்றைக் கீழே இழுக்கின்றன. கிணற்றில் இருவர் எதிரெதிரே நின்று ஏற்றம் இறைப்பதுபோல், குறைந்த மின்னழுத்தத்தில் அதிக வீச்சு கிடைக்கிறது. இதை அறியாமல், 'கறுப்புக் கம்பிகளெல்லாம் ஒன்றுதானே' என்று ஸ்பீக்கரின் கறுப்புக் கம்பியை மின்கலத்தின் எதிர்முனையோடு சேர்த்தால், ஒலி நின்றுவிடும். பெருக்கியே கெட்டுவிடவும் கூடும். அலுமினியக் கைப்பிடியில் ஸ்பீக்கர் முனை தொட்டாலும் இதே விபத்து நேரலாம். ஸ்பீக்கரின் இரு கம்பிகளும் பலகைக்கு மட்டுமே செல்ல வேண்டும்.

ஸ்பீக்கர் நலமாக இருந்தும் ஒலியே இல்லை என்றால், நினைவு அட்டையைக் கழற்றி மீண்டும் பொருத்திப் பாருங்கள். பலகை எதிர்பார்க்கும் வடிவில் ஒலிக் கோப்புகள் இல்லாவிட்டாலும் வாள் ஒளிரும், ஆனால் பேசாது.

நம் மாணவி தொட்டுப் பார்த்தாள். "டக்" என்றது. ஸ்பீக்கர் குற்றமற்றது!

மின்னோட்டத்தைக் கணக்கிடுவோம்

இனி விளக்குப் பட்டையைப் பார்ப்போம். அதில் 100 விளக்குகள் இருக்கின்றன. விளக்கிலுள்ள ஒவ்வொரு வண்ணமும் முழுப் பிரகாசத்தில் ஏறத்தாழ 20 மில்லி ஆம்பியர் எடுக்கும். நீலம் மட்டும் எரிந்தால் 100 விளக்குகளுக்கு 2 ஆம்பியர். வெண்மையில் மூன்று வண்ணங்களும் எரிவதால் 6 ஆம்பியர். ஒலிக்கும் கணிப்பொறிக்கும் இதில் பத்தில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் தேவைப்படாது.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரே குழாயில் சமையலறைக்கும் குளியலறைக்கும் நீர் வருகிறது. குளியலறைக் குழாயை முழுதும் திறந்தால், சமையலறையில் நீர் நூலாக இறங்குகிறது. தொட்டியில் நீர் குறைந்துவிட்டதா? இல்லை. குழாயின் குறுகலில் அழுத்தம் வீணாகிவிட்டது. மின்சுற்றிலும் அப்படியே. மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால், வழியில் இழக்கும் மின்னழுத்தம் கிடைக்கும். இது ஓம் விதி.

ஒலிப் பலகையிலுள்ள கணிப்பொறிக்கு ஏறத்தாழ 3 வோல்ட்டாவது வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் அது மயங்கி நின்றுவிடும். நின்றவுடன் விளக்கு அணைகிறது. மின்னோட்டம் குறைகிறது. அழுத்தம் மீண்டும் ஏறுகிறது. கணிப்பொறி விழித்து, முதலிலிருந்து தொடங்குகிறது. விளக்கை ஏற்றுகிறது. மீண்டும் மயக்கம்! விக்கலின் காரணம் இதுவாக இருக்குமோ?

ஐயத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வாளின் நிறத்தை வெண்மையிலிருந்து நீலத்துக்கு மாற்றுங்கள். மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். நம் மாணவி மாற்றினாள். வாள் நீலமாக ஒளிர்ந்தது. "வ்வூம்ம்ம்..." என்று ஒலி தடையின்றி வந்தது.

"பார்த்தியா? போர்டும் நல்லா இருக்கு, ஸ்பீக்கரும் நல்லா இருக்கு. சாப்பாடு போற வழியிலதான் கோளாறு" என்றார் மாமா.

அழுத்தம் எங்கே தொலைகிறது?

'மின்கலம் பழையதாகிவிட்டது' என்று இப்போது முடிவு கட்டிவிடலாமா? கூடாது. அதுவும் ஊகமே. அளந்து பார்க்க வேண்டும்.

வெண்மையில் வாள் விட்டுவிட்டு அணைவதால் மல்டிமீட்டர் நிலையாக எதையும் காட்டாது. எனவே நீலத்தில் வைத்து அளந்தார்கள். வாள் அணைந்திருக்கும்போது மின்கலத்தில் 3.9 வோல்ட். நீலத்தில் எரியும்போது மின்கலத்தின் இரு முனைகளுக்கு இடையே 3.8. மின்கலம் இழந்தது 0.1 வோல்ட் மட்டுமே. ஆனால் ஒலிப் பலகையின் முனைகளில் 3.4 வோல்ட்தான் இருந்தது. இடையில் 0.4 வோல்ட் காணவில்லை!

காணாமற்போனதைத் தேட, வழியிலுள்ள ஒவ்வொரு பொருளின் இரு பக்கங்களிலும் மீட்டர் ஊசிகளை வைத்தார்கள். சுவிட்சின் குறுக்கே 0.05 வோல்ட். கம்பிகளில் 0.1 வோல்ட். மின்கலத்தைப் பிடித்திருக்கும் பெட்டியின் சுருள்வில்லின் குறுக்கே 0.25 வோல்ட்! திருடன் அகப்பட்டுவிட்டான். தொட்டுப் பார்த்தால் வில் வெதுவெதுப்பாகவும் இருந்தது. இழந்த மின்னாற்றல் அங்கே வெப்பமாக மாறிக்கொண்டிருந்தது.

வில்லின் தடை எவ்வளவு? 0.25ஐ 2 ஆம்பியரால் வகுத்தால் 0.125 ஓம். இது அற்பம் என்று தோன்றும். ஆனால் வெண்மையில் 6 ஆம்பியர் செல்லும்போது இந்த வில்லில் மட்டும் 0.75 வோல்ட் போய்விடும். எல்லா இழப்புகளையும் மூன்றால் பெருக்கிக் கூட்டினால் 1.5 வோல்ட். 3.9இல் 1.5 போனால் மிஞ்சுவது 2.4. மின்னழுத்தம் இறங்கும்போது விளக்குகள் எடுக்கும் மின்னோட்டமும் சற்றுக் குறையும் என்பதால் இது தோராயக் கணக்கே. ஆயினும் கணிப்பொறி ஏன் மயங்கியது என்பதை விளக்க இது போதும்.

தீர்வு என்ன? மின்கலத்தை வெளியே எடுத்துவிட்டு, வில்லின் அடியிலிருந்து நுனிவரை ஒரு தடித்த செம்புக் கம்பியைப் பற்றவைத்தார்கள். மின்னோட்டம் இப்போது வில்லின் வழியாகச் சுற்ற வேண்டியதில்லை. தலைமுடிபோன்ற மெல்லிய கம்பிகளுக்குப் பதிலாக அரைச் சதுர மில்லிமீட்டர் கம்பிகளைப் போட்டார்கள். மின்கலத்துக்கும் சுவிட்சுக்கும் உரிய இழப்பு மட்டுமே பெரும்பாலும் மிஞ்சியது. கணக்குப்படி வெண்மையிலும் பலகைக்கு 3.4 வோல்ட் அளவில் கிடைக்க வேண்டும். பொத்தானை அழுத்தினாள். வாள் வெண்மையாகச் சுடர்விட்டது. ஒலி நிற்கவில்லை!

இந்த இடத்தில் சிலர், 'பெரிய கண்டன்சர் ஒன்றைப் போட்டால் சரியாகிவிடுமே' என்பார்கள். கண்டன்சர் என்பது மின்தேக்கி. 1000 மைக்ரோஃபேரட் மின்தேக்கியிலிருந்து 5 ஆம்பியர் எடுத்தால், அதன் அழுத்தம் ஒரு மில்லி வினாடிக்கு 5 வோல்ட் வீதம் இறங்கும். கண் இமைக்கும் நேரத்துக்குக்கூட அது தாங்காது. விளக்கு ஏறும் கணத்தில் எழும் திடீர் அதிர்ச்சியை அது தணிக்கும். அதற்காக அதைப் பட்டையின் தொடக்கத்தில் வைப்பது நல்லதுதான். நிரந்தரமான குறுகலுக்கு அது மருந்தாகாது.

பொதுவழியில் வரும் தொல்லை

மூன்றாம் வகைக் குறைக்கு வருவோம். ஒலி வருகிறது, ஆனால் கூடவே "கீ..." என்றோ "ங்ங்..." என்றோ ஓர் இரைச்சல்.

பழைய வேன்களிலும் லாரிகளிலும் டேப் ரிக்கார்டர் பாடும்போது, ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க "ங்ஙீ..." என்ற ஒலி பாட்டோடு சேர்ந்து ஏறுவதைக் கேட்டிருப்பீர்கள். எஞ்சினோடு சுழலும் மின்னாக்கியின் ஏற்ற இறக்கம் அது. மின்னாக்கியும் டேப் ரிக்கார்டரும் வண்டியின் உடலையே பொதுவான திரும்பு வழியாகப் பயன்படுத்துகின்றன. ஒருவருடைய மின்னோட்டம் அந்த வழியில் ஏற்படுத்தும் அழுத்த மாற்றத்தை மற்றவர் ஒலியாகக் கேட்கிறார்.

ஒளிவாளிலும் அதுவே நடக்கலாம். இந்த விளக்குகள் மங்கலாக எரியும்போது உண்மையில் மங்குவதில்லை. மிக வேகமாக எரிந்து அணைகின்றன. பரவலாக விற்கும் ஒரு வகையில் இது வினாடிக்கு 400 தடவை அல்லது அதற்கும் மேல் நிகழ்கிறது. கண்ணுக்கு இது தெரியாது. காதுக்கோ 400 அதிர்வு நன்றாகக் கேட்கும் சுருதி! ஒலிப் பலகையும் பெருக்கியும் தனித்தனிப் பலகைகளாக இருந்து, விளக்கின் மின்னோட்டமும் ஒலியின் மின்குறியும் ஒரே மெல்லிய கம்பி வழியாகத் திரும்பினால், விளக்கின் துடிப்பு ஒலியில் ஏறிவிடும். 10 சென்டிமீட்டர் மெல்லிய கம்பியின் தடை 0.02 ஓம் என்று கொள்வோம். அதில் 2 ஆம்பியர் துடித்தால் 0.04 வோல்ட் இரைச்சல் உண்டாகும். பெருக்கிக்குள் நுழையும் மின்குறியே அரை வோல்ட் அளவுதான் என்பதால் இது தெளிவாகக் கேட்கும்.

இதையும் சோதிக்கலாம். விளக்கை முழுப் பிரகாசத்தில் வையுங்கள். அப்போது அது அணைந்து எரிவதில்லை. இரைச்சலும் குறைந்தால் குற்றவாளி இதுவே. தீர்வு, திரும்பு கம்பிகளைத் தனித்தனியாக மின்கலத்தின் எதிர்முனைக்கே கொண்டுசெல்வது. விளக்குக்கு ஒரு தடித்த கம்பி, ஒலிக்கு வேறொரு கம்பி. இரண்டும் சேருமிடம் மின்கலத்தின் முனை ஒன்றுதான். ஒலியைக் கொண்டுசெல்லும் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, விளக்குக் கம்பிகளிலிருந்து விலக்கி வையுங்கள்.

இது விளையாட்டுப் பொருளுக்கு மட்டும் உரிய பாடமன்று. ஓசூரில் அசோக் லேலண்ட் 1980ஆம் ஆண்டு முதல் லாரிகளைச் செய்துவருகிறது. இன்று ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் உருவாகின்றன. அவற்றில் மோட்டாருக்குச் செல்லும் பெரும் மின்னோட்டமும், உணர்விகளுக்குச் செல்லும் நுண்ணிய மின்குறிகளும் ஒரே சட்டத்துக்குள் வாழ வேண்டியிருக்கிறது. எந்தக் கம்பி எங்கே திரும்ப வேண்டும் என்பதைத் திட்டமிடுவது அங்கே பொறியாளர்களின் முக்கியமான வேலைகளில் ஒன்று. ஒளிவாளில் நீங்கள் பழகுவது அதன் முதல் எழுத்து.

மெலிந்த ஒலி, கரகரப்பு

நான்காம் வகையை எளிதாக ஆராயலாம். ஒலி மெலிந்திருந்தால் ஸ்பீக்கரின் பின்புறத்தைப் பாருங்கள். ஸ்பீக்கரின் தாள் முன்னே தள்ளும்போது பின்னால் காற்று நலிகிறது. முன்புறத்து அழுத்தம் விளிம்பைச் சுற்றிப் பின்னே ஓடி, இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். 'வ்வூம்' போன்ற தாழ்ந்த ஒலிகளுக்கே இந்த இழப்பு அதிகம். ஓர் அட்டையில் ஸ்பீக்கர் அளவுக்கு வட்டத் துளையிட்டு அதைப் பொருத்திக் கேளுங்கள். ஒலி எவ்வளவு கனக்கிறது என்று வியப்பீர்கள்! கைப்பிடிக்குள் ஸ்பீக்கரைச் சுற்றிலும் இடைவெளியில்லாமல் பொருத்திவிட்டு, பின்புறம் ஒரு சிறு காற்றறை விட்டால் போதும்.

கரகரப்புக்குக் காரணங்கள் பல. ஒலியளவைப் பாதியாகக் குறையுங்கள். கரகரப்பு மறைந்தால், பெருக்கி தன் எல்லையைத் தாண்டி உழைத்திருக்கிறது. அலைகளின் முகடு வெட்டுப்பட்டிருக்கிறது. மறையாவிட்டால், ஏதேனும் கம்பி ஸ்பீக்கரின் தாளைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஒலியைக் கூட்டலாம் என்று இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் சேர்க்காதீர்கள். மொத்தத் தடை 2 ஓமாகிவிடும். பெருக்கி சூடாகும், அல்லது தற்காப்புக்காகத் தன்னை நிறுத்திக்கொள்ளும்.

வாளை வீசும்போது மட்டும் ஒலி அறுந்தால், பற்றவைப்பு சரியில்லை என்று ஐயப்படலாம். ஒரு மரக்குச்சியால் ஒவ்வோர் இணைப்பையும் மெதுவாகத் தட்டுங்கள். எதைத் தட்டும்போது ஒலி விட்டுவிட்டு வருகிறதோ அங்கே ஈயம் ஒட்டாமல் ஓரமாக நிற்கிறது. அந்த இடத்தை மீண்டும் சூடாக்கிப் பற்றவையுங்கள்.

கவனம் தேவை

லித்தியம் மின்கலம் சிறியது. ஆனால் சாதுவானது அன்று. அதன் இரு முனைகளும் நேராக இணைந்துவிட்டால் பல ஆம்பியர் பாய்ந்து, கம்பி பழுத்து, மின்கலம் தீப்பற்றவும் கூடும். எனவே கம்பிகளை மாற்றும்போதும் பற்றவைக்கும்போதும் மின்கலம் வெளியே இருக்க வேண்டும். மின்கலத்தின்மேல் நேரடியாகப் பற்றவைக்கக் கூடாது. நசுங்கியது, உப்பியது, பழைய மடிக்கணினியிலிருந்து உருவியது ஆகியவை வேண்டாம். பாதுகாப்புச் சுற்று உள்ள மின்கலத்தையே வாங்குங்கள். அளவுக்கு மீறி மின்னோட்டம் எடுத்தால் அது தானே துண்டித்துவிடும். அப்படித் துண்டித்தால், 'பேட்டரி செத்துவிட்டது' என்று எண்ணாமல், ஏன் துண்டித்தது என்று தேடுங்கள். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

கண்காட்சியில்

மறுநாள் நம் மாணவி கண்காட்சிக்குச் சென்றாள். புதிதாக எதையும் அவள் வாங்கவில்லை. ஒரு துண்டுக் கம்பியும் ஒரு மாலைப் பொழுதும்தான் செலவு. ஆனால் அவள் மேசையில் ஒளிவாள் மட்டும் இருக்கவில்லை. பக்கத்திலேயே ஒரு வெள்ளைத் தாளில் மின்கலம், வில், சுவிட்சு, கம்பி என்று படம் வரைந்து, எந்த இடத்தில் எத்தனை வோல்ட் தொலைந்தது என்று எழுதி வைத்திருந்தாள்.

வாளைப் பார்க்க வந்த பிள்ளைகளில் சிலர், அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டு டார்ச் விளக்கு ஏன் தட்டினால்தான் எரிகிறது என்று கேட்டார்கள். அவளுக்கு விடை தெரிந்திருந்தது.

உங்கள் கருவி அடுத்த முறை ஊமையானால் உடனே கடைக்கு ஓடாதீர்கள். எப்போது நிற்கிறது என்று கவனியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். அளந்து, தாளில் எழுதுங்கள். அந்தத் தாளே குறை இருக்குமிடத்தை உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும்.